படக்கதை படித்து வந்த சந்தேகம்

எனக்குச் சம்பளம் தருவதே சந்தேகப்படுவதற்குத்தான். புனேயில் கராடி பக்கம் ஒரு மென்பொருள் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் லீடாக இருக்கிறேன். ஊரெல்லாம் எழுதித் தரும் புரோகிராமை வாங்கி, இது எங்கே உடையும், எதை மறைக்கிறது என்று நோண்டுவதுதான் வேலை. "எல்லாம் சரியா இருக்கு" என்று எவனாவது வந்து சொன்னால் அன்றைக்குத்தான் எனக்கு வேலை அதிகம். இந்தப் புத்தி ஆபீஸ் வாசலோடு நிற்பதில்லை. பால்காரர், சொசைட்டி செக்ரெட்டரி, ஆன்லைனில் விற்கும் செக்கு நல்லெண்ணெய் என்று யாரையும் எதையும் நான் லேசில் நம்புகிறவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி சொல்லப்போவதில் பாதி நான் பார்த்தது, மீதி நான் சந்தேகப்பட்டது.

ஆரம்பித்ததும் ஒரு சந்தேகத்தில்தான். என் பக்கத்து சீட்டில் ஒரு மராத்திப் பெண், டீமுக்குப் புதிதாக வந்தவள். சோதிக்க வேண்டிய புது பில்ட் வந்து இறங்கக் காத்திருக்கும் நேரத்தில் ஃபோனைப் பார்த்துத் தனக்குத் தானே சிரிப்பாள். சில நாள் கண்ணைத் துடைப்பாள். நான் திரும்பினால் ஃபோனைக் கவிழ்த்து வைப்பாள். வேறு கம்பெனிக்கு இன்டர்வியூ கொடுக்கிறாள், சீக்கிரம் ராஜினாமா பேப்பர் போடப் போகிறாள் என்று முடிவு கட்டினேன். ரிலீஸ் நேரத்தில் ஆள் போனால் என் தலைதான் உருளும். ஒருநாள் சத்தமில்லாமல் பின்னால் போய் நின்று பார்த்தேன். வேலை தேடும் தளம் எதுவும் இல்லை. கறுப்பு வெள்ளைப் படத்தில் இரண்டு ஆண்கள் நெற்றியோடு நெற்றி ஒட்டிக்கொண்டு நின்றிருந்தார்கள்.

வெளிறிப்போய், அது மாங்கா என்றாள். ஊறுகாய் போடுகிற மாங்காய் இல்லை, ஜப்பான்காரர்களின் படக்கதை. அதில் இது தனி வகையாம், ஆணும் ஆணும் காதலிப்பது. பெரும்பாலும் வரைவதும் பெண்கள், படிப்பதும் பெண்கள் என்று அவள் இந்தியில் சொன்னதும் எனக்கு மூக்கு வேர்த்தது. இரண்டு ஆண்களின் காதலில் பெண்களுக்கு என்ன ஜோலி? இதில் ஏதோ இருக்கிறது, கண்டுபிடிக்காமல் விடக் கூடாது என்று லிங்க் அனுப்பச் சொன்னேன். அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள், ஆனால் அனுப்பிவிட்டாள்.

முதல் அத்தியாயத்தைக் கம்பெனி பஸ்ஸில், முண்ட்வா பாலத்து நெரிசலில் படித்தேன். இடமிருந்து வலமாகப் படித்தேன். இரண்டு பேரும் சண்டை போட்டுப் பிரிந்தார்கள், பிறகு கை கோத்து நடந்தார்கள், கடைசியில் ஒருவருக்கொருவர் பெயர் சொல்லி அறிமுகம் ஆனார்கள். என்ன வித்தியாசமாக எழுதியிருக்கிறார்கள் என்று வியந்துவேறு போனேன். மறுநாள் பக்கத்து சீட்டுப் பெண் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வர, இதை வலப்பக்கத்திலிருந்துதான் படிக்க வேண்டும் என்றாள். திருப்பிப் படித்தேன். எப்படிப் படித்தாலும் பிடித்திருந்தது, அதுதான் எரிச்சல்.

ஒருவன் பல் மருத்துவன், இன்னொருவன் அதே தெருவில் பழக்கடை வைத்திருப்பவன். கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பழக்கடைக்காரனுக்குப் பல்வலி, ஆனால் நாற்காலியில் உட்காரப் பயம். மருத்துவன் தினமும் மாலையில் கடைக்கு வந்து, வாயைத் திற என்று கேட்காமல் பழம் மட்டும் வாங்கிப் போகிறான். இதற்கே ஐந்தாறு அத்தியாயம் எடுத்துக்கொள்கிறார்கள். நானும் ஒவ்வொன்றிலும், இதோ இப்போது ஒருவனைச் சாகடிப்பார்கள், இதோ இப்போது ஏமாற்றுவார்கள் என்று உடையும் இடத்தைத் தேடிக்கொண்டே போனேன். உடையவில்லை. மழைக்கு ஒதுங்கிய ஒரு படத்தில் மருத்துவனின் கை மற்றவன் தோள் வரை போய்த் தொடாமல் நின்றது. வசனமே இல்லை. பஸ்ஸில் நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவர் ஏசியைக் குறைக்கச் சொல்லட்டுமா என்று கேட்டார்.

என் அழுகையின் மேலேயே எனக்குச் சந்தேகம். சினிமாவில் ஆணும் பெண்ணும் காதலித்தால் நான் அழுகிறவள் இல்லை, பல்லைக் கடிக்கிறவள். அவன் பின்னாலேயே வந்தால் போலீசுக்குப் போடி என்று தோன்றும். கல்யாணம் ஆனால் இவள் வேலையை விடுவாள், அவன் அம்மாவுக்கு ரசம் வைப்பாள் என்று மனசு முன்கூட்டியே ஓடும். அந்தப் பெண்ணுக்குக் காவல் நிற்பதிலேயே எனக்குக் கதை முடிந்துவிடும். இங்கே காவல் நிற்க ஆளில்லை. இரண்டும் ஆண்கள், எப்படியும் போகட்டும் என்று உள்ளே போய் நிம்மதியாக உட்கார்ந்துவிட்டேன். இந்த விளக்கம் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் ஒருவன் விரல் இன்னொருவன் காதோரம் பட்டபோது எனக்குக் கழுத்து வரை சூடேறியதே, அதற்கு இந்த விளக்கம் போதாது. நாற்பது வயதில் இதென்ன கண்றாவி என்று என்னையே திட்டிக்கொண்டு அடுத்த அத்தியாயத்தைத் திறந்தேன்.

பக்கத்து சீட்டுப் பெண்தான் படிக்கச் சொல்லிக்கொடுத்தாள். முகத்தைப் பார்க்காதீர்கள் மேடம், கையைப் பாருங்கள் என்றாள். வாய் ஒன்று சொல்லும், கை வேறு செய்யும், வரைகிறவர்கள் கையில்தான் உண்மையை வைப்பார்களாம். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. எங்கள் வேலையும் அதுதானே, திரையில் என்ன எழுதியிருக்கிறது என்பதை விட்டுவிட்டு உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்பது.

வீட்டில் யாருக்கும் தெரியாது. வீட்டில் இருப்பதே நாங்கள் இரண்டு பேர்தான். மகர்பட்டாவில் ஃபிளாட், கல்யாணமாகிப் பதினாலு வருடம், பிள்ளை இல்லை, அதைப் பற்றிப் பேசிப் பேசி ஓய்ந்தாயிற்று. என் வீட்டுக்காரர் பொள்ளாச்சிப் பக்கம், நான் தூத்துக்குடி. சண்டை சச்சரவு இல்லாத மனிதர். வாட்ஸப்பில் வரும் எல்லா ஜோக்குக்கும் சிரிப்பார், எனக்கும் வாசித்துக் காட்டிவிட்டு மறுபடி சிரிப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் ஸ்கோர் பார்க்க என் டேப்லெட்டை எடுத்தவர் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டார். நெற்றி, கை, மழை எல்லாம் இருந்த பக்கம். நான் பதிலைத் தயாராக வைத்திருந்தேன்: ஆபீஸ் பிள்ளை அனுப்பினாள், சும்மா பார்த்தேன். அவர் கேலி செய்யவில்லை. நாலைந்து பக்கம் தள்ளிப் பார்த்தார். டேபை என் கையில் கொடுத்து, "கடைசில சேந்துருவாங்களா?" என்று கேட்டார்.

"இன்னும் முடியல" என்றேன்.

"முடிஞ்சாச் சொல்லு" என்று சொல்லிவிட்டு இஸ்திரி போடப் போய்விட்டார்.

எனக்கு உள்ளே மணி அடித்தது. இத்தனை அற்ப விஷயத்துக்கெல்லாம் சிரிக்கிற மனிதர் இதற்கு ஏன் சிரிக்கவில்லை?

அதற்குப் பிறகுதான் அவருடைய நண்பரை நான் கவனிக்க ஆரம்பித்தேன். கோயமுத்தூரில் இருவரும் ஒரே காலேஜ், ஒரே ஹாஸ்டல் அறை. நண்பர் இப்போது நவி மும்பையில் மருந்துக் கம்பெனியில் இருக்கிறார். பெற்றவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், அண்ணனோடு காட்டைப் பாகம் பிரித்த சண்டையில் பேச்சு இல்லை, கல்யாணமும் ஆகவில்லை. மாதத்துக்கு ஒரு தடவை சனிக்கிழமை பஸ் பிடித்து எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். அந்தச் சனிக்கிழமைகளில் என் வீட்டுக்காரர் அலாரத்துக்கு முன்னால் எழுந்து ஷேவ் செய்வார். சின்ன அறையில் மெத்தை விரிப்பை அவரே மாற்றுவார். மற்ற நாளில் விரிப்பு எந்த அலமாரியில் இருக்கிறது என்று என்னைக் கேட்கிற ஆள். ஒருவரையொருவர் நாள் முழுக்க 'மாப்ள' என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். தமிழ்நாட்டில் பாதி ஆண்கள் இப்படித்தான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள், ஒரு ஈ காக்கைக்கும் சந்தேகம் வருவதில்லை.

நண்பர் என்னைத் தங்கச்சி என்பார். அது வாய்ச்சொல் மட்டும் இல்லை. இங்கே தீபாவளி முடிந்ததும் பாவ்பீஜ் என்று ஒரு நாள், அண்ணன் தம்பிகள் அக்கா தங்கை வீட்டுக்கு வந்து ஆரத்தி வாங்கிக்கொண்டு சீர் கொடுப்பார்கள். நாங்கள் வந்த புதிதில் எதிர் ஃபிளாட் மராத்தி அம்மா, உன் அண்ணன் வரவில்லையா என்று கேட்டார். என் அண்ணன் மஸ்கட்டில் இருக்கிறான், அவனுக்கு இந்தப் பண்டிகை இருப்பதே தெரியாது. அங்கே உட்கார்ந்திருந்த நண்பர், "நான் இருக்கேன்ல தங்கச்சி" என்று பலகை போட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அன்றிலிருந்து வருடா வருடம் எனக்கு அவர் கையால் ஒரு சேலை வரும். இப்போது அதை நினைத்தால் வேறு மாதிரி தோன்றியது. ஒரு தட்டு ஆரத்தியில் இந்த வீட்டுக்குள் உரிமையாக வந்துபோக வழி பண்ணிக்கொண்டாரே, எத்தனை கெட்டிக்காரர் என்று தோன்றியது.

ஜனவரியில் நாக்பூர் ஆரஞ்சு வந்திருந்தது. இருவரும் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சமையலறை வாசலில் நின்று கையைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் ஒரு பழத்தை உரித்து, சுளையின் மேல் ஒட்டிய வெள்ளை நாரை ஒவ்வொன்றாக எடுத்து, தட்டில் நண்பர் பக்கமாக வைத்துக்கொண்டே இருந்தார். நண்பர் டிவியை விட்டுக் கண் எடுக்காமல் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். இவரும் தட்டைப் பார்க்கவில்லை, கை தானாகப் போய் வந்தது. எனக்கும் பழம் தருவார், குறை சொல்லக் கூடாது. முழுப் பழமாகத் தந்து சாப்பிடு என்பார். நான் நாரோடு தின்கிறவள் என்று இத்தனை வருடம் நானே நம்பியிருந்தேன்.

போதாக்குறைக்குப் படக்கதையில் பல் மருத்துவனுக்கு நிச்சயமான பெண் வந்து சேர்ந்தாள். வீட்டில் பார்த்து வைத்த பெண். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் கீழே படிக்கிறவர்கள் கருத்து எழுதுவார்கள். இவள் எப்போது தொலைவாள், நடுவில் எதற்கு இந்தச் சனியன் என்று உலகம் முழுக்க ஒரே திட்டு. ஆரஞ்சுக்கு முன்னால் வந்திருந்தால் நானும் நாலு வரி எழுதியிருப்பேன். இப்போது பக்கம் பக்கமாக அவளைத்தான் தேடினேன். அவளைச் சரியாகக்கூட வரையவில்லை, பாதிப் படங்களில் கண்ணே கிடையாது, முடியும் கன்னமும்தான். சாப்பாட்டு டப்பாவோடு கிளினிக் வாசலில் நிற்கிறாள், அடுத்த படத்தில் ஆள் இல்லை. எங்கே போனாள், அந்தச் சாப்பாட்டை யார் சாப்பிட்டார்கள் என்று கேட்பாரில்லை. கருத்துப் பகுதியில் திட்டியவர்கள் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து அறையலாம் போல இருந்தது. அவர்களில் எத்தனை பேர் என்னைப் போலப் பெண்டாட்டிகளோ.

ஒரு தப்பைப் பார்த்தேன் என்று சொன்னால் எங்கள் தொழிலில் போதாது. அதை மறுபடியும் நடக்க வைத்துக் காட்ட வேண்டும், அப்போதுதான் ஒத்துக்கொள்வார்கள். அதனால் ஒரு சோதனை வைத்தேன். என் கம்பெனி பஸ்ஸில் வரும் தமிழ்ப் பெண் ஒருத்தி, கோர்படியில் அப்பா அம்மாவோடு இருக்கிறாள், முதல் கல்யாணம் முறிந்து சில வருடம் ஆகிறது, நல்ல பெண். இவளை நண்பருக்குப் பார்க்கலாம் என்று பேச்சைப் போட்டால் இரண்டு முகமும் எப்படிப் போகும் என்று பார்க்கலாம். பெண் பார்க்கிறேன் என்ற பெயரில் பொறி வைத்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நான் பட்ட எரிச்சலுக்கு அது தப்பாகவே தெரியவில்லை.

மதியச் சாப்பாட்டில் ரசம் ஊற்றும்போது எடுத்துவிட்டேன். "அண்ணே, ஒரு பொண்ணு இருக்கு. பாக்கலாமா?"

நண்பர் சோற்றில் கை வைத்தபடி ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். பிறகு வெட்கப்பட்டுச் சிரித்தார். "பாருங்க தங்கச்சி. எனக்குமே ஆசைதானுங்க. இத்தன நாளும் ஒருத்தரும் கேக்கலியே."

என் வீட்டுக்காரர், "நல்லது மாப்ள" என்றார். பாதிச் சோற்றோடு எழுந்து போய்க் கை கழுவினார். தட்டையும் அவரே கழுவிக் கவிழ்த்தார். பிறகு பால்கனிக்குப் போய், காயாத துணியை எல்லாம் எடுத்து மடித்தார்.

சரி, ஒருத்தர் மாட்டிக்கொண்டார், இன்னொருத்தர் நடிப்பில் தேறிவிட்டார் என்றுதான் நான் கணக்குப் போட்டேன். நான் படித்த கதைகளில் எல்லாம் ஒருவன் பார்த்தால் மற்றவனும் பார்ப்பான். முதலில் இவன் கை, நாலு பக்கம் தள்ளி அவன் கை. ஆகவே நண்பருடைய கை எங்கே என்று இன்னும் தேடிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் நண்பரை ஸ்வார்கேட்டில் பஸ் ஏற்றிவிட்டுக் காரில் திரும்பினோம். வழியில் கரும்புச்சாறு கடை ஒன்றின் பக்கத்தில் வண்டியை ஓரம் கட்டச் சொன்னேன். ஜூஸ் குடிக்கத்தான் என்று நினைத்து நிறுத்தினார்.

"ஏங்க, ஒண்ணு கேக்குதேன். பொய் சொல்லக் கூடாது."

"கேளு."

"உங்களுக்கும் அவருக்கும் நடுவுல என்ன?"

என்ன கேட்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. எஞ்சினை அணைத்தார்.

"ஒண்ணுமில்ல" என்றார்.

"நான் கண்ணால பாத்தேன்."

"என்னத்தப் பாத்த?"

"ஆரஞ்சு உரிச்சீங்கல்லா."

வேறு யாராவது இருந்தால் சிரித்திருப்பார்கள். இவருக்கு முகம் சுருங்கிப்போயிற்று. "அவனுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். "தெரியவும் கூடாது."

"அவருக்குத் தெரியாதா? அப்போ உங்களுக்கு மட்டுமா?"

"ஹாஸ்டல்ல இருந்தே."

"நீங்க ரெண்டு பேரும்..."

"ரெண்டு பேர்னு சொல்லாத. அவன் அப்படி இல்ல. அவனுக்கு நான் ஃப்ரெண்டு, அவ்வளவுதான். எதுவுமே நடந்தது கெடயாது. நடக்காம நான் பாத்துக்கிட்டேன்."

"பொறவு என்னை எதுக்குக் கெட்டுனீங்க?"

"அம்மா அழுதாங்க. கல்யாணம் ஆனாச் சரியாப் போயிரும்னு நெனச்சேன்."

"போச்சா?"

"உன்ன வெச்சு எனக்கு ஒரு கொறையும் இல்ல."

"நான் அதைக் கேக்கல."

"இல்ல" என்றார். "போகல."

நான் காரை விட்டு இறங்கிவிட்டேன். எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் வைக்க முடியாது. பதினாலு வருடம் என் மேல் குறையா, உடம்பில் குறையா, நிறத்தில் குறையா என்று கண்ணாடி முன்னால் நின்றதெல்லாம் யார் கணக்கில் எழுதுவது? அந்த அம்மா அழுததற்கு நானா விலை? நடுரோட்டில் நின்று கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் அழுகைதான் வந்தது, அதுவும் பாழாய்ப்போன அழுகை. ஒரு மனிதன் இருபது வருடத்துக்கு மேல் ஒரு வார்த்தை பேசாமல், விரிப்பை மாற்றிப் போட்டு, நாரை உரித்து வைத்து, ஒன்றும் கேட்காமல் இருந்திருக்கிறான். இதை யாராவது வரைந்து பஸ்ஸில் என் கையில் கொடுத்திருந்தால் உருகித் தொலைந்திருப்பேன். அன்றைக்கு நான் அழுதது எனக்காகவா, அவருக்காகவா என்பதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் உண்டு. கரும்புச்சாறு கடைக்காரர் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைத் தள்ளிவிட்டு, பசா தாயி, உட்காருங்கள் அக்கா, என்றார். உட்கார்ந்தேன்.

அந்த வாரம் முழுக்க நாங்கள் பால், கேஸ், சாவி தவிர வேறு பேசவில்லை. சம்பந்தம் மட்டும் தன் போக்கில் ஓடியது. கோர்படியிலிருந்து பெண்ணின் அம்மா ஃபோன் செய்தார், ஞாயிற்றுக்கிழமை வரலாமா என்று. என் கையில்தான் இருந்தது. மாப்பிள்ளைக்கு இஷ்டமில்லை என்று ஒரு வார்த்தை போதும், எல்லாம் நின்றுவிடும், சனிக்கிழமைகள் பழையபடி நடக்கும். அல்லது நடத்திவைக்கலாம், அவர் கண் முன்னாலேயே, அவருக்கு வலிக்க வலிக்க. இரண்டுமே எனக்கு ஆசையாக இருந்தது. என்ன செய்ய என்று அவரிடமே கேட்டேன்.

"நிறுத்தாத" என்றார். "அவன் அங்க தனியாக் கெடக்கறான். காச்சல் வந்தா ஒரு சுடுதண்ணி வெச்சுக் குடுக்க ஆளில்ல."

ஆகவே கோர்படிக்குப் போனோம். பெண்ணின் அப்பா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், புனேயிலேயே பிறந்து வளர்ந்தவர், தமிழும் இந்தியும் ஒரே தட்டில் பரிமாறுவார். நண்பருக்குப் பெரியவர்கள் என்று வர யாரும் இல்லை. பாவ்பீஜ் ஆரத்தி எடுத்த பாவத்துக்கு நான்தான் தங்கை, என் வீட்டுக்காரர்தான் தங்கை மாப்பிள்ளை, மாப்பிள்ளை வீடு என்பது நாங்கள் இரண்டு பேர். அவல் போஹாவும் காப்பியும் வந்தது. இந்த வயதில் சாதி, ஜாதகம் எல்லாம் பார்க்கவில்லை, போன தடவை அத்தனையும் பொருந்தித்தான் முறிந்தது என்று பெரியவர் தாமாகவே சொன்னார். நண்பர் புதுச் சட்டையில் நெளிந்துகொண்டிருந்தார். அந்தச் சட்டையை எடுத்துக் கொடுத்தது யார் என்று நான் கேட்கவில்லை.

பெரியவர் நேராக என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "தேகியே, பாருங்க, எங்களுக்கு ஆளத் தெரியாது. நீங்கதான் கூடவே இருந்திருக்கீங்க. எப்படிப்பட்டவரு, நீங்க சொல்லுங்க."

அவர் வாயைத் திறப்பதற்கு முன் தண்ணீர் குடித்தார்.

"நல்லவனுங்க" என்றார். "காப்பிக்குச் சக்கரை வேண்டாமுங்க. சோறு ரெண்டாந்தடவ கேக்க மாட்டானுங்க, நாமதான் பாத்துப் போடோணும். பசியில்லன்னு சொன்னா நம்பக் கூடாதுங்க. குளுரு காலத்துலயும் ஃபேன் போட்டாத்தான் தூக்கம் வரும், பொறகு விடியக்காலம் இழுத்துப் போத்திக்குவான். கோவம் வந்தாப் பேச மாட்டானுங்க, அப்படியே உட்டுட்டா அவனே வந்துருவான். அவங்கம்மா போனப்பக்கூட அழுகல. பத்துப் பதினஞ்சு நாள் கழிச்சு, மெஸ்ஸுல அவங்கம்மா வெக்கற மாதிரிப் புளிக்கொழம்பு ஊத்துனாங்க, அப்பத்தான் அழுதான். அந்த மாதிரி நேரத்துல பக்கத்துல இருந்தாப் போதுமுங்க, ஒண்ணும் பேச வேண்டாம். பொய் சொல்லத் தெரியாதுங்க. எனக்குத் தெரிஞ்சு அவன விட நல்ல மனுசன் கெடயாதுங்க."

நண்பர் கூச்சத்தில், "போதும் மாப்ள, ரொம்ப ஓட்டாத" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பெரியவருக்குக் கண் கலங்கியிருந்தது. இப்படி ஒரு தோஸ்த் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார். பெண்ணின் அம்மா உள்ளே போய் ஜிலேபி எடுத்து வந்தார். அப்போதே முடிவாகிவிட்டது என்று எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று.

நான் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. ஜோக் வாசித்துக் காட்டுகிற குரல் எனக்குத் தெரியும், இஎம்ஐ பேசுகிற குரல் தெரியும். இது வேறு. யாராவது என்னைப் பற்றி அவரிடம் கேட்டால் என்ன சொல்வார் என்று யோசித்துப் பார்த்தேன். நல்லவள், கெட்டிக்காரி, கொஞ்சம் சந்தேகப் பிராணி என்பார். அதில் பொய் எதுவும் இருக்காது.

கிளம்பும் நேரத்தில் பெண் என்னை உள்ளறைக்குக் கூப்பிட்டாள். கதவைச் சாத்தினாள். ஆபீஸ் பஸ்ஸில் பார்க்கிற தைரியம் முகத்தில் இல்லை.

"அக்கா, ஒரு விஷயம் கேக்கணும். சச் சொல்லுங்க, உண்மைய மட்டும். மொதல் ஷாதியில எனக்கு யாரும் எதுவும் சொல்லல. எல்லாருக்கும் தெரிஞ்சிருந்தது, எனக்கு மட்டும் தெரியல. இவர் இத்தன நாள் ஏன் பண்ணிக்கல? ஏதாவது இருக்கா?"

இந்தக் கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டும், பதினாலு வருடத்துக்கு முன்னால், பொள்ளாச்சியில். எனக்குக் கேட்கவும் தெரியவில்லை, கேட்டால் சொல்லவும் அங்கே ஆளில்லை. அவள் என் கையைப் பிடித்திருந்தாள்.

"அவருகிட்ட ஒண்ணுமே இல்லம்மா" என்றேன். "ஒருத்தரும் கேக்கல, அதான் பண்ணிக்கல. நான் யாரையும் லேசுல நம்ப மாட்டேன். இவரைச் சோதிச்சே பாத்துட்டேன். நீ தைரியமாப் பண்ணிக்கோ."

"பக்கா?"

"பக்கா. காப்பியில மட்டும் சக்கரை போட்டுராத."

அவள் மூச்சு விட்டாள். சிரித்தாள். கதவைத் திறக்கப் போனவள் நின்று, கூடத்தில் நண்பரின் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்தாள்.

"அவர் பேசினதக் கேட்டு எனக்கு அழுகையே வந்துருச்சு அக்கா. ஃப்ரெண்டுக்கே இப்படின்னா, உங்கள எப்படிப் பாத்துப்பார்? நீங்க லக்கி. இந்த மாதிரி ஒரு ஆள் உங்க வீட்டுல இருக்கார்."

"ஆமா" என்றேன். "வீட்டுலதான் இருக்காரு."